டோலி சுமந்த தோள்கள்

போர்க்களத்தைப் பாடுவதில் நம் சங்கப் புலவர்களுக்கு இணையானோர் அரியர். வேலின் ஒளியையும் யானையின் வீழ்ச்சியையும் பாடிய அவர்கள், போர் முடிந்த பின்னர் எஞ்சிக் கிடக்கும் புண்ணையும் மறந்தாரல்லர். பதிற்றுப்பத்தில் பரணர், நெடிய வெள்ளூசி கொண்டு தைக்கப்பட்ட விழுப்புண்ணின் வடுவைக் காட்டுகின்றார். ஊசி புண்ணுள் மூழ்கி எழுவதற்கு, மீனைத் தேடிக் குளத்து நீருள் பாய்ந்தெழும் சிச்சிலிப் பறவையை உவமை கூறுகின்றார். புறநானூற்றில் அரிசில்கிழார் காட்டும் தலைவி, புண்பட்டு வந்த கணவன் கிடக்கும் மனையில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை எடுத்து, காஞ்சிப் பண் பாடிக் காவல் இருக்கத் தன் தோழியை அழைக்கின்றாள். நெடுநல்வாடையின் பாண்டியனோ, வாடை வீசும் நள்ளிரவிலும் உறங்காது பாசறையில் திரிந்து, புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் அளிக்கின்றான்.

இம்மூன்று காட்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால் அவற்றிடையே ஒரு பொதுமை புலப்படும். வீரனுக்கு மனைவி காவல் இருக்கின்றாள். படைக்கு மன்னன் ஆறுதல் கூறுகின்றான். புண்பட்டவனும் அவனைப் பேணுவோரும் ஒரே பக்கத்தினர். களத்தின் மறுபக்கத்தில் வீழ்ந்து கிடந்தவனை யார் பேணினர்? உறவும் ஊரும் இன்றி வேற்று நிலத்தில் புண்பட்டவனுக்கு நீர் கொடுத்தவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேட உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அவ்விடை உருவான வரலாற்றில், தாயகம் விட்டுக் கடல் கடந்த நம் மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்து, பிறமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நாம் அப்பங்கினை அறிந்திருத்தல் வேண்டும்.

சோல்பரினோவில் எழுந்த வினா

1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், வட இத்தாலியில் சோல்பரினோ என்னும் ஊரருகே பிரெஞ்சு, சார்தீனியப் படைகள் ஒருபுறமும் ஆஸ்திரியப் படை மறுபுறமுமாக மோதின. பொழுது சாய்வதற்குள் பல்லாயிரவர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். வணிக அலுவலாக அவ்வழியே வந்த ஜெனிவா நகரத்து ஹென்றி டூனாண்ட், அருகிலிருந்த காஸ்டிக்லியோனே என்னும் சிற்றூரின் தேவாலயத்தில் காயமுற்றோர் குவிந்து கிடப்பதைக் கண்டார். மருத்துவர் மிகச் சிலர். ஆயினும் அவ்வூர்ப் பெண்கள் குடம் குடமாக நீர் கொணர்ந்தனர். புண்களைக் கழுவித் துணி சுற்றினர். இவன் நம்மவன், இவன் பகைவன் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. அனைவரும் உடன்பிறந்தாரே என்பது அப்பெண்களின் சொல்லாக இருந்தது.

அக்காட்சி டூனாண்டின் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1862இல் அவர் அதனை ஒரு நூலாக எழுதினார். அமைதிக் காலத்திலேயே தொண்டர்களைப் பயிற்றி வைத்து, போர் மூண்டால் இருதரப்புக் காயமுற்றோரையும் பேண அனுப்பலாகாதா என்பதே அந்நூல் எழுப்பிய வினா. 1863இல் ஐவர் கொண்ட குழு ஒன்று ஜெனிவாவில் கூடியது; அதுவே பின்னர்ச் செஞ்சிலுவைச் சங்கமாக வளர்ந்தது. 1864 ஆகஸ்டில் 12 நாடுகள் முதல் ஜெனிவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. காயமுற்ற வீரன் எந்நாட்டவனாயினும் அவனைப் பேணுதல் வேண்டும், பேணுவோரைத் தாக்குதல் கூடாது என்பன அதன் உயிர்நாடி. 1901இல் அமைதிக்கான நோபல் பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்ற இருவருள் டூனாண்டும் ஒருவர்.

ஒப்பந்தம் ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது. அதனைக் களத்தில் நிறைவேற்றக் கைகளும் தோள்களும் வேண்டியிருந்தன. குண்டடி பட்டவனைக் கத்தி பிடிக்கும் மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும் வரை அவன் உயிர் தூக்கிச் செல்வோர் தோளில்தான் இருக்கின்றது. மோட்டார் வண்டி களத்திற்கு வராத அந்நாளில், துணிக் கட்டிலில் அவனைக் கிடத்தி, மேடு பள்ளம் கடந்து, குலுங்காமல் சுமக்க வேண்டும். அக்கட்டிலை ஆங்கிலப் படையினர் ‘டூலி’ என்று வழங்கினர். நம்மூர் டோலியே அது. அந்த டோலியைத் தென்னாப்பிரிக்க மண்ணில் தமிழர் சுமந்த வரலாற்றை இனிக் காண்போம்.

கரும்புத் தோட்டத்திலிருந்து களத்திற்கு

1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் அந்நாட்டில் கால் வைத்த முதல் நாள் அது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி, ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. எசமானனின் இசைவுச் சீட்டு இன்றித் தோட்டத்தின் எல்லையைத் தாண்டினால் சிறை. ஒப்பந்தம் முடிந்த பின் அந்நாட்டிலேயே தங்க விரும்புவோர் ஆண்டுதோறும் மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும் என 1895இல் சட்டம் இயற்றப்பட்டது. மாதம் ஒரு பவுன்கூடக் கையில் காணாத குடும்பத்திற்கு அவ்வரி எத்தகைய சுமை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையில் 1899 அக்டோபரில் ஆங்கிலேயருக்கும் போயர் என்னும் டச்சுக் குடியேறிகளுக்கும் போர் மூண்டது. நேட்டாலில் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளுக்கு அப்போது வயது 30. தம் தனிப்பட்ட பரிவு போயர் பக்கமே இருந்ததாகப் பின்னாளில் அவர் எழுதியுள்ளார். எனினும், பிரிட்டிஷ் குடிகள் என்னும் முறையில் உரிமை கேட்பவர் அம்முறைக்குரிய கடமையையும் ஆற்ற வேண்டும் என்று அன்று அவர் நம்பினார். இந்தியர் பணம் திரட்ட மட்டுமே வந்தவர், இடர் வந்தால் ஓடி ஒளிபவர் என்னும் ஏச்சு வெள்ளையரிடையே பரவியிருந்தது. அதனைத் துடைக்கவும் அவர் விரும்பினார். படைக்கலம் ஏந்த அறியாதோர் எனினும் காயமுற்றோரைப் பேண எம்மால் இயலும்; ஊதியம் வேண்டோம் என்று அரசுக்கு விண்ணப்பித்தார். தேவையில்லை என்று முதலில் விடை வந்தது.

அவர் சோர்ந்தாரில்லை. டர்பனில் மருத்துவமனை ஒன்றை நடத்திவந்த பாதிரியாரான டாக்டர் பூத் என்பாரிடம் இந்தியர் சிலர் முதலுதவி கற்றனர். போர் நாள்தோறும் கடுமையாயிற்று. லேடிஸ்மித் நகரைப் போயர்கள் முற்றுகையிட்டனர். அதனை மீட்கச் சென்ற ஜெனரல் புல்லரின் படைக்குக் காயமுற்றோரைத் தூக்க ஆள் போதவில்லை. அப்போதுதான் அரசு இந்தியரை நாடியது.

ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட இந்திய ஆம்புலன்ஸ் படை அமைந்தது. அவர்களுள் 300 பேர் ஒப்பந்தத்தினின்று நீங்கியவரும் பிறருமாகிய சுதந்திர இந்தியர். ஏனைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். தோட்டங்களில் தமிழும் தெலுங்கும் பேசுவோரே பெரும்பான்மையினராதலின், டோலி தூக்கியோருள்ளும் அவர்களே பெரும்பங்கினர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை மறைத்தலாகாது. அந்த 800 பேரும் தாமாக முன்வந்தவர்தாமா? எசமானன் இசைவின்றி ஓரடி நகர இயலாதவன் தன் விருப்பத்தால் போர்க்களம் சென்றான் என்று எளிதில் கூறிவிட முடியாது. தோட்டத்து முதலாளிகள் அரசின் வேண்டுகோளுக்கு இணங்கி அனுப்பிய ஆட்களே அவர்கள். தொண்டர் படை என்று நாம் பெருமையோடு வழங்கும் சொல்லின் அடியில் இவ்வுண்மையும் கிடக்கின்றது. ஆனால் களத்தில் நின்ற பின்னர் அவர்கள் செய்த செயல்கள் கட்டளைக்கு அடங்கியவை அல்ல. அதனை அடுத்துக் காண்போம்.

கொலன்சோவும் ஸ்பியான் காப்பும்

1899 டிசம்பர் 15ஆம் நாள் துகேலா ஆற்றங்கரையில் கொலன்சோ என்னுமிடத்தில் புல்லரின் படை பெருந்தோல்வி கண்டது. இந்தியப் படை அன்றே களத்தருகே வந்து பணியில் இறங்கியது. தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் ஒரே மகனான லெப்டினன்ட் ராபர்ட்ஸ் அப்போரில் உயிர்க்காயமுற்றான். அவனது உடலைச் சுமந்ததும் இந்தியர் படையே என்று காந்தியடிகள் குறித்துள்ளார்.

அந்நடையின்போது நிகழ்ந்த ஒன்றையும் அவர் எழுதி வைத்துள்ளார். வெயில் கொளுத்திய நாள், அனைவருக்கும் நாவறட்சி. வழியில் ஒரு சிற்றோடை எதிர்ப்பட்டது. வெள்ளைச் சிப்பாய்கள் முதலில் பருகட்டும் என்று இந்தியர் ஒதுங்கி நின்றனர். நீங்களே முதலில் பருகுங்கள் என்று சிப்பாய்கள் வற்புறுத்தினர். ஒருவருக்கொருவர் முந்துரிமை கொடுக்கும் இனிய போட்டி சிறிது நேரம் நிகழ்ந்தது என்கின்றார் காந்தியடிகள். டர்பன் நகரத்தில் நடைபாதையில் எதிர்ப்பட்டால் விலகிச் செல்லுமாறு ஏவப்படும் கூலிக்கு, ஓடைக்கரையில் முதல் வாய் நீர் நீட்டப்பட்டது. காயமும் தாகமும் சூழ்ந்த இடத்தில் மட்டும் நிறவேற்றுமை சற்றே ஓய்ந்திருந்தது.

1900 ஜனவரி 23, 24 ஆகிய நாள்களில் ஸ்பியான் காப் என்னும் குன்றின் உச்சியில் நிகழ்ந்த போர், அப்போர் முழுவதிலும் கொடிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. மறைந்திருக்க இடமில்லாத குன்றுச்சியில் ஆங்கிலப் படையினர் நெருங்கிக் கிடக்க, நாற்புறக் குன்றுகளிலிருந்தும் போயர் பீரங்கிகள் முழங்கின. சுமார் 240 பிரிட்டிஷ் வீரர் குன்றின் மீதே மாண்டனர். காயமுற்றோர் ஆயிரத்தை எட்டினர். அக்குன்றைச் சுற்றி அன்று மூவர் இருந்தனர். போயர் படையை நடத்திய லூயி போத்தா பின்னர்த் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் முதற் பிரதமரானார். செய்தியாளராகவும் படை அலுவலராகவும் ஏறி இறங்கிய வின்ஸ்டன் சர்ச்சில் பின்னர் பிரிட்டனின் பிரதமரானார். டோலிப் படையோடு நின்ற காந்தியடிகளை நாம் அறிவோம். வரலாற்று நூல்கள் இம்மூவரையும் வியந்து கூறும். அவர்களுக்கிடையே குன்றுச்சரிவில் டோலி சுமந்து இறங்கியோரைப் பற்றி அந்நூல்களில் ஒரு வரி காண்பதும் அரிது.

துப்பாக்கிக் குண்டு எட்டாத தொலைவிலேயே இந்தியர் பணியாற்ற வேண்டும் என்பது தொடக்கத்தில் செய்துகொண்ட ஏற்பாடு. ஸ்பியான் காப்பில் அவ்வேற்பாடு நிற்கவில்லை. உள்ளே வருமாறு உங்களைக் கட்டாயப்படுத்த எமக்கு உரிமை இல்லை. வந்தால் நன்றியுடையோம் என்று புல்லரிடமிருந்து செய்தி வந்தது. அவர்கள் உள்ளே சென்றனர். தோட்டத்திலிருந்து கட்டளையால் வந்தவர்கள், கட்டளை இல்லாத இடத்திற்குத் தம் கால்களால் நடந்து சென்றனர் என்று கூறுவதில் தவறில்லை. டோலியில் காயமுற்றோரைக் கிடத்திக்கொண்டு நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் வரை, சாலை என்று சொல்லத்தக்கது இல்லாத நிலத்தில், அவர்கள் நடந்தனர். சுமக்கப்பட்டோருள் படுகாயமுற்ற ஜெனரல் உட்கேட்டும் ஒருவர்.

நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. டோலி சுமப்பதற்குத் தோள்வலி மட்டும் போதாது. முன்னால் செல்பவன் காலடியும் பின்னால் வருபவன் காலடியும் ஒத்துச் செல்ல வேண்டும். இல்லையேல் கிடப்பவனின் முறிந்த எலும்பு குத்தும். ஏற்றத்தில் பின்னவனும் இறக்கத்தில் முன்னவனும் கட்டிலை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அவன் நீர் கேட்டால் நிற்க வேண்டும். நெடுநேரம் நிற்கவும் கூடாது. மருத்துவம் என்றதும் கத்தியையும் மருந்தையும் நினைக்கும் நாம், இந்த நடையையும் மருத்துவமென்றே கொள்ளல் வேண்டும்.

பதக்கம் பெற்றோர் 37 பேர்

ஏறத்தாழ ஆறு வாரம் பணியாற்றிய பின் படை கலைக்கப்பட்டது. செய்தித்தாள்கள் புகழ்ந்தன, புல்லரின் அறிக்கையிலும் அப்பணி குறிக்கப்பட்டது. படையின் தலைவர்கள் 37 பேருக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. 1,100 பேருள் 37 பேர். ஏனையோர் வந்த வழியே திரும்பினர். ஒப்பந்தக் கூலிகள் மீண்டும் கரும்பு வெட்டச் சென்றனர்.

காந்தியடிகள் எதிர்பார்த்த கைம்மாறும் கிட்டவில்லை. போர் முடிந்து டிரான்ஸ்வால் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், போயர் ஆட்சியில் ஏட்டளவில் இருந்த இந்திய எதிர்ப்புச் சட்டங்கள் முன்னினும் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. மூன்று பவுன் வரியும் நீங்கவில்லை. தொண்டினை உரிமைக்கு விலையாகக் கொடுக்கலாம் என்னும் கணக்கு தவறிப்போயிற்று. இது நம் வரலாற்றின் கசப்பான பாடங்களுள் ஒன்று. ஆயினும் அத்தொண்டு வீணாயிற்று என்று நாம் கருதுவதற்கில்லை. குன்றுச்சரிவில் தூக்கிச் செல்லப்பட்டு உயிர் பிழைத்தவனுக்கு அன்று வேண்டியிருந்தது இரு தோள்களே. அவை அவனுக்குக் கிடைத்தன.

வேலிக்கு மறுபுறம்

ஆறாண்டுகளுக்குப் பின், 1906இல், நேட்டாலில் மற்றொரு கிளர்ச்சி எழுந்தது. வயது வந்த ஒவ்வோர் ஆடவனும் ஒரு பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்று அரசு விதித்ததே அதன் காரணம். பம்பாத்தா என்னும் குலத்தலைவன் தலைமையில் சூலு மக்கள் எதிர்த்து நின்றனர். அரசுப் படை அவர்களைக் கொடுமையாக ஒடுக்கியது. 3,000 முதல் 4,000 சூலு மக்கள் கொல்லப்பட்டனர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீடு. தலைவரியின் சுமையை நன்கறிந்த இந்தியர், தலைவரியை எதிர்த்த மக்களின் பக்கம் நிற்கவில்லை. காந்தியடிகள் இம்முறையும் அரசுக்கே ஆம்புலன்ஸ் படை ஒன்றை அளித்தார்.

அப்படை சிறியது, 24 பேர் மட்டுமே. நால்வர் குஜராத்தியர், ஒருவர் பட்டாணியர், ஏனையோர் அனைவரும் ஒப்பந்தம் முடித்த தென்னிந்தியர் என்று சத்திய சோதனையில் காந்தியடிகளே எழுதியுள்ளார். அவர்கள் யாருக்கும் கூலிகளாக அனுப்பப்பட்டவரல்லர், தாமே முன்வந்தவர்கள்.

களத்தை அடைந்த அவர்கள் எதிர்பாராத காட்சியைக் கண்டனர். அங்கே கிடந்த காயமுற்றோர் ஆங்கிலச் சிப்பாய்கள் அல்லர், சூலு மக்கள். அவர்களுள் பலர் போரில் புண்பட்டவரும் அல்லர். ஐயத்தின் பேரில் பிடித்துக் கசையடி கொடுக்கப்பட்டவர்கள். நண்பர் என்னும் அடையாளம் அணிந்திருந்தும் தவறாகச் சுடப்பட்டவர்கள். வெள்ளையர் எவரும் அவர்களைத் தொட்டுப் பேண முன்வரவில்லை. ஐந்தாறு நாள்களாகக் கழுவப்படாத கசையடிப் புண்கள் சீழ் வைத்து நாறின. பொறுப்பிலிருந்த மருத்துவ அலுவலர் செய்வதறியாது தவித்துக்கொண்டிருந்தார். இந்தியரைக் கண்டதும் துணியும் மருந்து நீரும் கொடுத்து, இவர்களைப் பேணுங்கள் என்று வேண்டினார்.

அவர்கள் பேணினர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. தமிழ் பேசும் கை சூலுவின் முதுகுப் புண்ணைக் கழுவியது. முகாமைப் பிரித்த வேலிக் கம்பிகளுக்கு அப்பால் நின்ற வெள்ளைச் சிப்பாய்கள் எட்டிப் பார்த்து, அவர்களைத் தொடாதீர்கள் என்று தடுக்க முயன்றனர். இந்தியர் செவிசாய்க்காமற்போகவே, சினந்து சூலு மக்களை வாயில் வந்தவாறு ஏசினர். புண்பட்டோரின் கண்கள் மட்டும் நன்றி கூறின என்று காந்தியடிகள் எழுதியுள்ளார்.

நம் கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இங்கே விடை கிடைக்கின்றது. களத்தின் மறுபக்கத்தில் வீழ்ந்தவனைப் பேணியவர் யார்? நேட்டாலின் சிறு குன்றுகளிடையே அவனைப் பேணியவருள் தமிழ்நாட்டு உழவர் குடியில் பிறந்து, கூலியாகக் கப்பலேறி, ஒப்பந்தம் முடித்து நின்ற எளியவர்களும் இருந்தனர். சோல்பரினோவைப் பற்றி அவர்கள் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். கசையடியின் தழும்பு எப்படி இருக்கும் என்பதை மட்டும் தோட்டத்தில் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இதனையும் நாம் குறையின்றிக் கூற வேண்டும். அப்படை அரசின் சீருடையில், அரசுப் படையின் ஒரு பகுதியாகவே அங்குச் சென்றது. ஆப்பிரிக்க மக்களைத் தாழ்வாகக் குறிக்கும் சொற்கள் அக்காலக் காந்தியடிகளின் எழுத்துகளில் உண்டு என்பதை அண்மைக்கால வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதனை மறுப்பதற்கில்லை. அது போரன்று, மனித வேட்டை என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்நெடிய நடைகளின்போதுதான் தம் வாழ்வைத் தொண்டுக்கே ஒப்படைக்கும் எண்ணம் தம்முள் உறுதிப்பட்டதாகவும் கூறினார். படை கலைந்த இரு மாதங்களுக்குள், 1906 செப்டம்பர் 11ஆம் நாள், ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர் கூடி, அநீதிச் சட்டத்திற்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். பின்னர்ச் சத்தியாக்கிரகம் என்று பெயர் பெற்ற போராட்டம் அங்கே தொடங்கியது.

அப்போராட்டத்தில் தமிழர் ஆற்றிய பங்கு நாடறிந்தது. நாகப்பன் 1909இல் சிறைக்கொடுமையால் மாண்டான். வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் சிறைக் காய்ச்சலால் மறைந்தாள். 1913இல் தொழிலாளர் செய்த பெருவேலைநிறுத்தத்தின் பயனாக 1914இல் மூன்று பவுன் வரி ஒழிந்தது. ஸ்பியான் காப்பில் டோலி சுமந்து பெற முடியாத உரிமையைத் தொழிலாளர் தம் சொந்தப் போராட்டத்தால் பெற்றனர். காந்தியடிகள் தமக்குக் கிடைத்த தென்னாப்பிரிக்கப் போர்ப் பதக்கங்களை 1920இல் அரசிடமே திருப்பி அனுப்பினார்.

பின்வந்த தொண்டர்கள்

நேட்டாலில் தொடங்கிய இம்மரபு இந்தியாவில் தொடர்ந்தது. 1912இல் பால்கன் போர் மூண்டபோது டாக்டர் அன்சாரி தலைமையில் இந்திய மருத்துவக் குழு துருக்கிக்குச் சென்றது. 1938 செப்டம்பரில், ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீனத்திற்கு இந்தியத் தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவரை அனுப்பியது. அடால், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி என்போர் அவ்வைவர். சோலாப்பூரில் பிறந்த துவாரகாநாத் கோட்னிஸ் திரும்பி வரவில்லை. வடசீனத்தில் மருத்துவமனைப் பொறுப்பேற்றுப் பணிபுரிந்து, 1942 டிசம்பர் 9ஆம் நாள் தம் 32ஆம் வயதில் மறைந்தார். தாமே அடிமைப்பட்டிருந்த நாடு, இடருற்ற மற்றொரு நாட்டுக்கு மருத்துவரை அனுப்பியது. அவர்களை வழியனுப்ப மக்கள் அளித்த சிறுகாசுகளே முதலாயின.

1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. பொன்காவ் என்னும் எல்லையோர ஊரில் மருத்துவர் திலீப் மகாலனபிஸ் பணியாற்றினார். நரம்பின் வழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்து கொண்டிருந்தது. நோயாளிகள் தரையில் நெருங்கிக் கிடந்தனர். அவர் குளுக்கோசையும் சமையல் உப்பையும் சோடா உப்பையும் அளவாகக் கலந்த நீரை வாய்வழி பருகத் தரச் செய்தார். அதனைக் கொடுத்தவர் யார்? பயிற்சி பெற்ற தாதியர் போதாமையால், நோயாளியின் தாயும் உடன்பிறந்தாரும் குவளையேந்திக் கொடுத்தனர். முகாமில் நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு, அம்முறையைக் கைக்கொண்டோரிடையே நான்குக்கும் கீழாகக் குறைந்தது. இன்று உலகெங்கும் குழந்தைகளின் உயிர் காக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் பெருமைக்கு அம்முகாம் ஒரு சான்று. மகாலனபிஸ் 2022இல் மறைந்தார். மறுஆண்டு பத்மவிபூஷண் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. குவளையேந்திய தாய்மாருக்கு விருது இல்லை. ஸ்பியான் காப்பில் டோலி தூக்கியோருக்கும் இருந்ததில்லை.

நமக்குரிய பங்கு

நேட்டாலும் பொன்காவும் நமக்குக் கூறுவது ஒன்றே. இடர் சூழ்ந்த இடத்தில் மருத்துவம் என்பது மருத்துவர் ஒருவரின் செயலன்று. தூக்குபவர், கழுவுபவர், நீர் கொடுப்பவர், விழித்திருப்பவர் ஆகிய பலரின் கூட்டுச் செயல் அது. மருத்துவரின் பெயரை வரலாறு காக்கின்றது. அதற்காக நாம் நன்றியுடையோம். ஏனையோரின் நினைவைக் காப்பது அவர்களின் வழித்தோன்றல்களாகிய நம் கடன்.

மற்றொன்றும் உண்டு. வேற்று மாநிலங்களில் வாழும் நம்மிடம், நீங்கள் இவ்வூருக்குச் செய்தது என்ன என்று எப்போதேனும் எவரேனும் கேட்கின்றனர். அவ்வினாவுக்கு அஞ்சி, வெள்ள நிவாரணத்திற்குக் கொடுத்த தொகையையும் இரத்ததான முகாமில் வந்தோர் எண்ணிக்கையையும் நாம் பட்டியலிடத் தொடங்குகின்றோம். நேட்டால் வரலாறு அதனைத் தேவையற்றதென்று காட்டுகின்றது. வாழும் ஊரில் உரிமை பெறத் தொண்டு செய்தோர் ஏமாந்தனர். உரிமை வேறு வழியாகவே வந்தது. தொண்டோ, கணக்குப் பாராத இடத்தில்தான் தன் முழு உருவைப் பெற்றது. வேலிக்கு மறுபுறம் கிடந்த சூலுவின் புண்ணைக் கழுவியதால் அந்தப் பத்தொன்பது தென்னிந்தியருக்கு எவ்வுரிமையும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்கவும் இயலாது.

நம் இளைஞர்கள் முதலுதவி கற்க வேண்டும்; புயலும் வெள்ளமும் கலவரமும் நேரும்போது அக்கம்பக்கத்தாரின் தெருவில் இறங்கி நிற்க வேண்டும். காயமுற்றவன் எம்மொழி பேசுகின்றான், எவ்வினத்தான் என்பதை அவன் நலமுற்று எழுந்த பின்னர் அறிந்துகொள்ளலாம். காஞ்சிப் பண் பாடித் தன் கணவனின் புண்ணைக் காத்த புறநானூற்றுத் தலைவியின் அன்பு பெரிது. பெயர் தெரியாத பிறனொருவனின் புண்ணை மூக்கைப் பொத்தாமல் கழுவிய நேட்டால் கூலியின் அன்பும் அதற்கு நிகரானதே. அதனைப் பாடப் புலவர் எவரும் அங்கிருக்கவில்லை. இம்மலரின் சில பக்கங்களேனும் அவர்களுக்கு உரியனவாகட்டும்.